அரையும் மூன்றில் ஒன்றும்

“இபு குரு, இவன் என் பென்சிலைப் புடுங்கிட்டான்.”

புகார் சொன்னவர் கல்வியியல் புலத்தின் மூத்த பேராசிரியை இபு சுலாஸ்திரி. பிடுங்கியவர் கணிதப் புலத்துப் பேராசிரியர் பாக் குணார்த்தோ. அந்த ஊரில் பெண்களுக்கு இபு, ஆண்களுக்கு பாக் என்பது மரியாதை; இபு குரு என்றால் டீச்சரம்மா. நான்காம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“பென்சிலைக் குடுத்திடு, குணார்த்தோ” என்றாள் வெனிங். அவளுக்கு இருபத்தொரு வயது. பேராசிரியரைப் பெயர் சொல்லி அதட்டியதில் அவளுக்கே நாக்கு உலர்ந்துவிட்டது.

ஆசிரியர் பயிற்சி மாணவி அவள். மாதிரி வகுப்பில் இரண்டு முறை தேறவில்லை. இதுவும் போனால் தோழிகள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போக, அவள் மட்டும் ஒரு வருஷம் விடுதியில் கிடக்க வேண்டும்.

முதல் தடவை, கணக்குச் சரி, சொன்ன விதம் சரியில்லை என்றது ஒரு புலம். அடுத்த தடவை, சொன்ன விதம் சரி, கணக்குச் சரியில்லை என்றது மற்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாலைதான். அதைத் தாண்டி ஒருவர் வகுப்பை மற்றவர் எட்டிப் பார்த்ததில்லை.

“சமைக்கத் தெரியாதவங்க பரிமாறச் சொல்லித் தர்றாங்க” என்பார் பாக் குணார்த்தோ.

“நல்லாச் சமைச்சு மூஞ்சியில வீசுறாங்க” என்பார் குழந்தை உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய இபு சுலாஸ்திரி. நடுவில் பட்டினி கிடந்தது வெனிங் மாதிரிப் பிள்ளைகள்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த துணைவேந்தர், இனி மாதிரி வகுப்புக்கு இரு புலத்தாரும் சேர்ந்தே வர வேண்டும், மாணவர்களாக நடிக்கவும் வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். சீட்டுக் குலுக்கி ஒருவருக்குக் கெட்டிக்காரப் பிள்ளை வேஷம், மற்றவருக்கு மந்தமான பிள்ளை வேஷம். யாருக்கு எது என்பதைப் பாடம் நடத்துபவள்தான் கண்டுபிடித்துச் சமாளிக்க வேண்டும்.

“அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா எவ்வளவு?”

வெனிங் கேட்டு முடிப்பதற்குள் இபு சுலாஸ்திரியின் கை உயர்ந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார். “அஞ்சுல ரெண்டு, இபு குரு. மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு.”

பாக் குணார்த்தோ திரும்பி அவரைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார்.

வெனிங்குக்கு மூச்சு வந்தது. மந்தம் யார் என்று தெரிந்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள் சும்மா இருக்க முடியாமல் வால்தனம் பண்ணும் என்று படித்திருந்தாள். பென்சில் பிடுங்கியதும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். “கீழ இருக்கிறதை மட்டும் ஏன் கூட்டக் கூடாது?” என்றார் இபு சுலாஸ்திரி. வட்டம் வரைந்து காட்டினாள். “அதான் ஏன்னு கேக்கறேன்” என்றார். நெற்றியில் வியர்வை கூட வரவழைத்திருந்தார். என்ன ஒரு நடிப்பு என்று வெனிங்குக்கு ஒரு பக்கம் வியப்பு, ஒரு பக்கம் அழுகை.

அந்த நேரம் பார்த்து பாக் குணார்த்தோ சட்டைப் பையிலிருந்து குவே லாபிஸை எடுத்தார். ஊரில் எந்தப் பிள்ளையும் அந்தப் பலகாரத்தைக் கடித்துத் தின்னாது. சிவப்பும் வெள்ளையுமாய் ஒவ்வோர் அடுக்காக உரித்துத்தான் தின்னும். அவரும் மேல் அடுக்கை உரித்தார். வாயில் போடுமுன் வெனிங் பாய்ந்து பிடுங்கினாள்.

“இதுல ஆறு அடுக்கு. பாதின்னா எத்தனை அடுக்கு?”

“நாலு” என்றார் பாக் குணார்த்தோ, முகம் மாறாமல்.

வம்புக்கென்றே சொல்கிறார் என்று அவரை விட்டுவிட்டு, மீதி அடுக்குகளையும் உரித்து இபு சுலாஸ்திரியின் முன்னால் வைத்தாள். “நீ சொல்லு, சுலாஸ்திரி.”

“பாதின்னா மூணு.”

“மூணுல ஒரு பங்குன்னா?”

அவர் விரலால் நகர்த்தி நகர்த்திப் பிரித்தார். “ரெண்டு.”

“இப்ப கூட்டு.”

“அஞ்சு அடுக்கு.” விரல் நின்றது. “ஆறுல அஞ்சு.” அடுக்குகளை மறுபடி ஒருமுறை எண்ணினார். “எல்லாத்தையும் ஒரே அளவு துண்டாக்கினாத்தான் எண்ண முடியும். அதுக்குத்தான் கீழ ஆறு. இவ்வளவுதானா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். பாக் குணார்த்தோ பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பலகாரத்தையும் அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

“கணக்கும் சரி, சொன்ன விதமும் சரி” என்று எழுந்தார். “நீ தேறிட்டேம்மா.”

இபு சுலாஸ்திரி தலையை மட்டும் ஆட்டினார். வாயில் பலகாரம் இருந்தது.

வெனிங்குக்குக் கால் தரையில் பாவவில்லை. தாழ்வாரத்தில் ஓடிப்போய் இபு சுலாஸ்திரியின் கையைப் பிடித்துக் குனிந்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி, இபு. மந்தமான பிள்ளை வேஷத்தை நீங்க அவ்வளவு தத்ரூபமா செஞ்சதாலதான் எனக்குச் சொல்லித் தரவே வந்துச்சு.”

இபு சுலாஸ்திரி தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“சீட்டுல எனக்கு வந்தது கெட்டிக்காரப் பிள்ளைம்மா.”