ரன் முடியட்டும்

"ரன் முடியட்டும் மச்சான். முடிஞ்ச மறுநிமிஷம் வர்றேன்" என்றார் அப்துல் வஹீத், எழுதுவதை நிறுத்தாமலே.

மச்சான் கரீமுல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாம்பஜாரில் மளிகைக்கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தங்கை குடும்பத்தை வேலூருக்குக் கூட்டிப் போக அவர் மயிலாப்பூருக்கு மாட்டுவண்டியோடு வருவது இது மூன்றாவது தடவை. ஜப்பான்காரன் எந்த நேரமும் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் பாதி வீடுகளில் பூட்டு. பள்ளிக்கூடத்தையும் மூடியாயிற்று. இந்த இங்கிலீஷ் வாத்தியார் மட்டும், ஏதோ புத்தகக் கம்பெனிக்கு அகராதி எழுதுகிறேன் என்று ஒரே ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறார்.

"ரன்னுன்னா ஓடறது. அவ்ளோதானே? முடிக்கிறதுக்கு அதுல இன்னா கீது?"

கேட்டிருக்கக் கூடாது. வஹீத் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடமே நடத்த ஆரம்பித்துவிட்டார். மனிதன் ஓடினாலும் ரன்தானாம், மூக்கு ஒழுகினாலும் ரன்தானாம். கடை நடத்துவது ரன். புதுத் துணியில் சாயம் இறங்கினால் அதுவும் ரன். சேப்பாக்கத்தில் மட்டை பிடித்தவன் எடுப்பதும் அதே. வீட்டில் தாத்தாவுக்கிருந்த முன்கோபம் பேரனுக்கு வந்தால் அதற்கும் இதே சொல். பழைய இங்கிலீஷில் ஆற்றுத் தண்ணீர் ஓடுவதற்கும் இதைத்தான் சொன்னார்களாம். பொருளுக்கு ஒன்றாக எழுபத்தொரு துண்டுச் சீட்டுகள் எழுதி பிஸ்கோத்து டின்னில் போட்டு வைத்திருக்கிறார். அதில் மூன்றைக் காலையிலிருந்து காணோம். திரும்பத் தேடி எழுத நாலு நாளாவது வேண்டும் என்றார்.

போன தடவையும் இதே கதைதான் என்று கரீமுல்லா சொல்லிக் காட்டினார். அப்போது காணாமல் போனவை ஐந்து சீட்டுகள்.

"பாருண்ணே, இவரைக் கட்டிக்கினு நான் படற பாட்டை" என்று சமையலறை வாசலில் நின்றபடி பிடித்துக்கொண்டாள் ஜமீலுன்னிசா. மூட்டை கட்டிப் பத்து நாளாயிற்று, இந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தால்தானே என்று அண்ணனிடம் புலம்பித் தீர்த்தாள்.

தங்கை பக்கம் இருக்கிற தைரியத்தில் கரீமுல்லா குரலை உயர்த்தினார். "ரங்கூன்லயும் இப்டித்தான் குந்திக்கினு இருந்தாங்க. குண்டு வுழுந்துச்சு. தப்பிச்சவங்க காட்லயும் மலையிலயும் நடந்தே வந்துகினு கீறாங்க. அதுலயும் பாதிப் பேரு வழியிலயே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். ஜமீலுன்னிசா, சோறு அடிபிடிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். வஹீத் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கரீமுல்லா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நாளைக்குக் காலையில் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பிவிடப் போவதாகவும், இந்த வண்டி இனிமேல் இந்தத் தெருவுக்கு வராது என்றும் சொன்னார். உசிர் முக்கியமா, ஒரு சொல் முக்கியமா என்று கடைசியாக ஒரு தரம் கேட்டார்.

"ரன் முடியணும்" என்றார் வஹீத். இப்படியும் ஒரு பிடிவாதமா என்று தலையில் அடித்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினார் மச்சான்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் தண்ணீர் குடிக்க உள்ளே போனார் வஹீத். ஜமீலுன்னிசா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் நெருப்பில் விழுந்தது. அதில் இருந்தது அவருடைய கையெழுத்து.

அவள் மறைக்கவில்லை.

"நான்தான் எரிச்சேன். அந்த அஞ்சையும் நான்தான் எரிச்சேன். இந்த வேலை முடிஞ்சா நீங்க வண்டி ஏறிடுவீங்க. உமர் ரங்கூன்லேர்ந்து நடந்து வந்துகினு இருக்கான். எம் புள்ளை வந்து கதவைத் தட்டறப்ப இங்க பூட்டு தொங்கக் கூடாது. இதை அண்ணன்கிட்ட சொன்னா, அவன் இனிமே வரமாட்டான்னு சொல்லிடுவாரு. அதைக் கேக்க என்னால ஆவாதுங்க."

வஹீத் திரும்பிப் போனார். பிஸ்கோத்து டின்னோடு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த அறுபத்தெட்டுச் சீட்டுகளையும் அவள் மடியில் கொட்டினார்.

"எல்லாத்தையும் எரிச்சுடு ஜமீலா. ரன்னை எழுதி முடிச்சு போன மாசமே கம்பெனிக்கு அனுப்பிட்டேன். மச்சான்கிட்ட சொல்றதுக்கு எனக்கும் வேற காரணம் கிடைக்கலை."