சுவரில் இருந்த அண்ணன்

நூலகத்தின் மதில் சுவரில், இந்த ஊரில் பிறந்து பேர் வாங்கியவர்களின் முகங்கள் வரிசையாகச் சிரிக்கின்றன. கடைசி முகம் டாக்டருடையது. சாய்ந்து விழும் காலை வெயிலில், ஏணிமேல் நிற்கும் பெயின்டர் அதன்மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார். தலைமுடியும் நெற்றியும் மறைந்துவிட்டன. எதிர் நடைபாதையில் நர்ஸ் உடுப்போடு நின்று பார்க்கிறாள் டாக்டரின் தங்கை. அண்ணனின் ஆஸ்பத்திரியில் போலி மருந்தால் குழந்தைகள் செத்த வழக்கில், கூண்டேறி உண்மையைச் சொன்னவள் அவள்தான். அன்றிலிருந்து அம்மா அவளிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. பெயின்டர் அவளைப் பார்த்துவிடுகிறார். கை அந்தரத்தில் நிற்கிறது. “நீங்க கிளம்புங்க சிஸ்டர். நீங்க போனப்புறம் மிச்சத்தை அடிச்சுக்கறேன்.” அவள் நகரவில்லை. பிரஷ்ஷிலிருந்து சொட்டிய வெள்ளை, டாக்டரின் கண்ணோரத்தில் விழுந்து கன்னம் வழியாக மோவாய்வரை வழிகிறது. அவள் விறுவிறுவென்று தெருவைக் கடந்து வருகிறாள். கைக்குட்டையை எடுத்து, எட்டிய மட்டும் அந்தக் கன்னத்தைத் துடைத்துவிடுகிறாள். துடைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைக்கிறது. பெயின்டர் வேறு பக்கம் பார்க்கிறார். தெருவில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் கைக்குட்டையைக் கசக்கிப் பைக்குள் திணிக்கிறாள். இரண்டு கைகளாலும் ஏணியைப் பற்றிக்கொள்கிறாள்.

“அடிங்கண்ணே. ஏணி ஆடுது, நான் பிடிச்சுக்கறேன்.”