ஆறு மணித் தட்டல்

“சார், சத்தம் இன்னும் கூடணும்” என்றாள் அவள்.

டிரம்பெட் மாஸ்டர் நிமிர்ந்தார். “போன வாரம் சொன்னபடி ஊதுறீங்களா? தோளைத் தூக்காம, கன்னத்தை உப்ப வைக்காம, அடிவயித்துல இருந்து மூச்சு விட்டு?”

“அதுல இருந்துதான் சார் பிரச்சினையே. ஆறு மணிக்கு நான் வாசிக்க ஆரம்பிச்சதும் பக்கத்து வீட்டுக்காரர் சுவத்துல தட்டுவார். ஒரு வாரமா தட்டலை.”

“நிம்மதின்னு விடுங்க.”

“தனியா இருக்கார் சார். ஏதாவது ஆயிருக்குமோன்னு பயமா இருக்கு.”

“போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானே?”

“நான் தட்டினா திறக்க மாட்டார்.”

மாஸ்டர் சிரித்தார். “சத்தமெல்லாம் கூடித்தான் இருக்கும்மா. ஆனா இப்போ காது கொடுத்துக் கேக்குற மாதிரி வாசிக்கிறீங்க. அவர் எதுக்குத் தட்டப் போறார்?”

அன்று மாலை ஆறு மணிக்கு அவள் தோளைத் தூக்கினாள். கன்னத்தை உப்பவைத்தாள். தொண்டையிலிருந்தே மூச்சைத் தள்ளினாள். மிதிபட்ட வாத்தைப் போல டிரம்பெட் அலறியது. கணவன் காதைப் பொத்திக்கொண்டான்.

சுவரில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும், இன்னும் மோசமாக ஊதினாள்.

டம், டம், டம்.

அவள் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் உங்கப்பா உன்கிட்ட பேசுறதே இது ஒண்ணுதான்” என்றான் கணவன். “இன்னைக்கு என்ன சொல்றார்?”

“நல்லா இருக்காராம்.”