நிரந்தர விலாசம்

"ஏம்மா, அங்கேயே நில்லு! இப்பத்தான் தரையைத் துடைச்சிருக்கு."

சுகாதார நிலையத்தின் வாசலில் கால் வைத்த பெண்ணைப் பார்த்துப் பதிவு மேஜைக்காரர் கத்தினார். அவள் முழங்கால்வரை சேறாக இருந்தாள். தலை கலைந்திருந்தது. தோளில் ஓர் அழுக்குப் பை தொங்கியது.

அவளுக்குப் பின்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். மேஜைக்காரரின் முகம் மலர்ந்தது. "வாங்க சார், உக்காருங்க" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

மேஜைக்காரருக்கு அங்கே பட்டப்பெயர் 'விலாசம்'. மூச்சு வாங்க ஓடி வருபவரிடமும் முதலில் அதைத்தான் கேட்பார். இல்லை என்று சொன்னால், தன் பாட்டன் சொத்தில் பங்கு கேட்டதுபோல் கதவைச் சாத்துவார். வீடில்லாதவர்களை நிலையத்தின் விலாசத்திலேயே பதிந்துகொள்ளலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். அது மட்டும் இவர் காதில் ஏறவேயில்லை.

"பதிவு போடணுங்க" என்றாள் அவள். "சர்க்கரை இருக்கு. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. மாசாமாசம் வந்து காட்டணும், இல்லைன்னா காலையே எடுக்க வேண்டியதாயிடும்."

"விலாசம்?"

"வீடு இல்லீங்க. படுக்கை பாலத்துக்கு அடியில."

"அதானே பார்த்தேன்!" அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாற்காலியில் இருந்தவரிடம் திரும்பினார். "உங்களை மாதிரி நல்லவங்க பாவம் பார்த்துக் கூட்டிட்டு வந்துடுறீங்க சார். இதுங்க இன்னிக்கு வரும், நாளைக்குக் காணாமப் போயிடும். மருந்து குடுத்தா அதைக் குப்பையில போட்டுட்டு மறுபடியும் வந்து நிக்கும்."

"ஐயா, நான் வந்து..." என்று சட்டைக்காரர் எழப் பார்த்தார்.

அந்தப் பெண் அவருடைய சட்டையைப் பார்த்தாள், தன் சேற்றைப் பார்த்தாள். பேசாமல் இருங்கள் என்பதுபோல் அவரிடம் தலையசைத்தாள்.

"அவருக்காகத்தாங்க கேக்குறேன். போட்டுக் குடுங்க" என்றாள்.

"சார் முகத்துக்காகப் போடுறேன். உன் முகத்துக்கு இல்ல, தெரிஞ்சுக்க."

கம்ப்யூட்டரில் விலாசம் என்ற இடத்தில் நிலையத்தின் பெயரையே தட்டினார். டாக்டரின் உத்தரவு அந்த நேரத்தில் எப்படியோ ஞாபகம் வந்துவிட்டது.

"பேரு கேக்கலீங்களே?"

"உள்ள போய்ச் சொல்லிக்க. உங்களுக்கெல்லாம் நாளுக்கு ஒரு பேரு, அதை வேற நான் எழுதணுமாக்கும்!"

விரல் படாமல் இருக்கப் பதிவு அட்டையை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். அவள் அதைக் கையில் எடுக்கவில்லை.

"பதிவு ஆயிடுச்சுங்களா? அப்புறம் இல்லைன்னு விரட்ட மாட்டீங்களே?"

"கம்ப்யூட்டர்ல நம்பர் ஏறிடுச்சு. இனி நானே நினைச்சாலும் அழிக்க முடியாது, போதுமா?" என்றவர், நாற்காலிப் பக்கம் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். தர்மப் பிரபு என்ற நினைப்பு.

உள்ளே மணி அடித்தது.

"போம்மா, கூப்பிடுறாங்க."

அவள் நகரவில்லை. நாற்காலியில் இருந்தவர் காலைத் தாங்கியபடி வந்து அட்டையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க ஏன் சார் சிரமப்படுறீங்க? நோயாளி போகட்டும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"போன மாசம் என் முகத்துல கதவைச் சாத்தினீங்களே, அதே ஆள்தாங்க. சட்டை மட்டும், பாலத்தடிச் சேத்துல இறங்கி என்னைக் கூட்டிட்டு வந்த இந்த வெளியூர் நர்சம்மா வீட்டுக்காரரோடது."