தடித்த கம்பியும் சாம்பார் தூக்கும்

மலைமேல் இட்லிக்கடை வைத்திருந்த அருமைநாயகத்திடம் ஒரு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் இருந்தது. வளைவு வந்தால் போதும், ஒரு பக்கமாகச் சாயும். பின்பெட்டியில் வரும் சாம்பார் தூக்குதான் பாவம், கடை போய்ச் சேர்வதற்குள் கால்வாசி சிந்திவிடும். பொறுத்துப் பார்த்தவர், சாயாமல் பிடிப்பதற்காக வண்டியின் அடியில் இருந்த கம்பியைக் கழற்றி ஷெட் மூலையில் போட்டுவிட்டு, தடித்த புதுக் கம்பியை மாட்டினார்.

புதுக் கம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "தூக்கு அக்கா, இனிமே ஒரு சொட்டு சிந்தினா என்னைக் கேளுங்க!" என்றது.

முதல் வளைவில் சிந்தவில்லை. இரண்டாவதிலும் இல்லை.

"அட, சாயவே மாட்டேங்குதே!" என்று பூரித்துப்போன அருமைநாயகம், மூன்றாவது வளைவில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக முறுக்கினார். புதுக் கம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துப் பார்த்தது. வண்டி பழையபடி சாய்ந்தது, சாம்பாரும் பழையபடி சிந்தியது.

"கேக்கச் சொன்னியே தம்பி, கேக்கட்டுமா?" என்றது தூக்கு.

"நான் என்னக்கா பண்ணுவேன்? நான் பிடிக்கப் பிடிக்க அவர் முறுக்குறாரே!"

அருமைநாயகம் இறங்கி, தூக்கைத் திறந்து பார்த்தார். "கம்பி பத்தல," என்றார்.

அந்த வாரமே அதைவிடத் தடித்த கம்பி வந்தது. கழற்றிய கம்பி ஷெட் மூலையில் போய் விழுந்தது. அங்கே ஏற்கெனவே கிடந்த பழைய கம்பி அதை ஏற இறங்கப் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளிப் படு தம்பி. அடுத்து வர்றவனுக்கும் இடம் வேணும்ல."