சத்தம் ஆகாத அப்பா

“எங்கப்பாவுக்குச் சத்தமே ஆகாது. ஹாரன், நாய், எதிர்வீட்டு டிவி, எதுவுமே அந்த ரூமுக்குள்ள கேக்கக் கூடாது” என்றார் வீட்டுக்காரர்.

இப்படியும் ஒரு பிள்ளையா என்று நெகிழ்ந்துபோனேன். அறைகளுக்குள் சத்தம் புகாமல் தடுப்பதுதான் என் தொழில். பெரும்பாலும் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் கூப்பிடுவார்கள். பெற்றவருக்காக என்று யாரும் கூப்பிட்டதில்லை.

நான்கு சுவரிலும் பஞ்சுப் பலகை அடித்தேன். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. ஐந்தே நாளில் முடித்துவிட்டேன்.

“நான் உள்ள நிக்கிறேன். நீங்க வெளியில இருந்து கத்திப் பாருங்க சார்.”

“நான் கத்தினா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க? நீங்க உள்ள இருந்து கத்துங்க.”

தொண்டை கிழியக் கத்திவிட்டு வெளியே வந்தேன். அவரும் மனைவியும் கூடத்தில் சிரித்தபடி நின்றிருந்தார்கள்.

“துளி சத்தம்கூட வரல!”

பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“ஐயா, இனிமே தெருச்சத்தம் உங்களைத் தொந்தரவு பண்ணாது” என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர்கிட்ட பேசிப் பிரயோஜனமில்ல” என்றார் மருமகள். “காது கேக்காம போயி ஆறு வருஷமாச்சு. வலி வந்தா அவர் போடுற கூச்சலைத்தான் எங்களால தாங்க முடியல.”

நாற்காலியை உள்ளே விட்டுவிட்டு மகன் கதவைச் சாத்தினார்.

கதவில் நான் பதித்திருந்த சிறு கண்ணாடி வழியே பார்த்தேன். பெரியவரின் வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது.

என் வேலையில் ஒரு குறையும் இல்லை.