முந்திக்கொண்ட ஊசி

கெய்ரோவில், முகத்தம் மலையடிக் குப்பைச் சேரியில், நிறைமாத இரினி விரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து விற்க ஆஸ்பத்திரிக் குப்பை மூட்டையைப் பிரித்தபோது உள்ளே கிடந்த ஊசி குத்திவிட்டது. விரல் நுனியில் ரத்தம் வெயிலில் மின்னுகிறது. வீடு வீடாக மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டுவரும் இந்தச் சேரிப் பெண் தமியானா, அந்த விரலைக் கழுவுகிறாள். இன்று இரினிக்குப் போட வந்தவளை இந்த ஊசி முந்திக்கொண்டது. “வயித்துல இருக்கிறதுக்கும் நோய் ஒட்டுமாடி?” என்கிறாள் இரினி. தமியானா இன்னொரு குவளைத் தண்ணீரை விரலில் ஊற்றுகிறாள். சேரியைப் பார்வையிட வந்த ஆஸ்பத்திரி அதிகாரி கையுறைப் பெட்டியை நீட்டுகிறார். “இதை மாட்டிக்கிட்டா என்ன கேடு உங்களுக்கு?” “மாட்டினா எது எந்த பிளாஸ்டிக்னு விரலுக்குத் தெரியாது, பாஷா” என்கிறாள் இரினி, பெரிய மனிதர்களை அங்கே அழைக்கும் சொல்லால். தமியானா ஒரு கையுறையை எடுத்து அதே ஊசியால் குத்துகிறாள். ஊசி மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. “உங்க ஊசி, உங்க கையுறை. மாட்டிக்கிட்டு இந்த மூட்டைக்குள்ள நீங்க கையை விடுங்க பாஷா, பார்ப்போம்!” அதிகாரியின் இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன.